த பிக் ஹவுஸ் (1930): தமிழ் சப்டைட்டிலில் நேரம் விலகுகிறது, சிறைச் சொற்களும் சிக்குகின்றன

உவர்மலைத் திரை:

வணக்கம். 1930இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'த பிக் ஹவுஸ்' படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு திருகோணமலையில் ஒரு சிறிய மண்டபத்தில் காட்டவிருக்கிறோம். இயக்கம் ஜோர்ஜ் ஹில், திரைக்கதை பிரான்சஸ் மேரியன். ஒரே அறைக் கைதிகளாக வொலஸ் பீரி (புட்ச்), செஸ்டர் மொரிஸ் (மோர்கன்), ரொபர்ட் மொன்ட்கோமரி (கென்ட்) நடித்தது. பிறகு வந்த சிறைப் படங்கள் பலவற்றுக்கும் அச்சு இதுதான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். மூதூர், கிண்ணியாவிலிருந்தும் வருவார்கள்.

நான்கு இடத்தில் சிக்கல்.

ஆங்கில எஸ்ஆர்டி கோப்பை (வசனமும் அது தோன்றும் நேரமும் உள்ள சப்டைட்டில் கோப்பு) வைத்துத் தமிழாக்குகிறோம். தொடக்கத்தில் எழுத்து சரியாக விழுகிறது. போகப்போக, வசனம் முடிந்த பிறகுதான் எழுத்து வருகிறது. கடைசியில் மூன்றரை நிமிட வித்தியாசம். எங்கள் வீடியோவின் நீளம் 1 மணி 23 நிமிடம் சொச்சம்.

லப்டொப்பில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. பென் டிரைவில் போட்டு ரீவியில் பார்த்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஒருவர் தட்டித் தந்த பகுதி முழுக்க ஆங்கில எழுத்தாகவே வருகிறது.

மூன்றாவது, சொற்கள். வார்டன், டஞ்சன், பரோல், ஸ்குவீலர், ஸ்டூல் பிஜன் (இரண்டும் காட்டிக்கொடுப்பவன்) எல்லாவற்றுக்கும் அகராதிச் சொல் போட்டால் படம் செத்துவிடுகிறது. படத்தின் பெயருக்கே இன்னும் தமிழ் அகப்படவில்லை.

நான்காவது, மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும் இருட்டறைக் காட்சியில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரிவிப்பது?

கொட்டியாரம்:

முதல் இரண்டுக்கும் விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. படம் 87 நிமிடம், உங்கள் வீடியோ 83 நிமிடம் சொச்சம். காட்சி எதுவும் வெட்டுப்படவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. செக்கனுக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை 25 பிரேமில் ஓடவிட்ட ஐரோப்பியப் பிரதி அது. உங்கள் எஸ்ஆர்டி 23.976 பிரேமுக்குச் செய்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 87 நிமிடம் என்றால் 5220 செக்கன். 23.976ஐ 25ஆல் வகுத்தால் 0.959. மிச்சம் நாலு சதவீதம் சொச்சம், அதாவது 214 செக்கன். நீங்கள் சொன்ன மூன்றரை நிமிடம் அதுதான்.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றும் கட்டளை உண்டு. 23.976இலிருந்து 25 என்று கொடுங்கள். பிறகு முதல் வசனம், படத்தின் நடு, கடைசி வசனம் என மூன்று இடத்தில் சரிபார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே அளவு விலகல் இருந்தால் முழுக்கோப்பையும் அந்த அளவுக்கு முன்பின் தள்ளினால் போதும். தொடக்கம் சரி, நடுவில் ஒரு இடத்திலிருந்து திடீரென்று பாய்கிறது என்றால் அந்த இடத்தில் பிரதி வெட்டுப்பட்டிருக்கிறது. அப்போது அந்த வரியிலிருந்து கீழே உள்ளதை மட்டும் நகர்த்துங்கள். கடைசியில் விலகல் ஐந்து செக்கன் அளவுதான் என்றால் அது 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசம். அதற்கும் இதே கட்டளைதான்.

தமிழாக்கத்துக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். தமிழாக்கிய பிறகு நேரத்தைத் தொட்டால், வாசிக்கப் போதுமா என்று பார்த்துப் பார்த்து வெட்டிய வரிகள் எல்லாவற்றையும் திரும்ப எண்ண வேண்டும்.

25 பிரேமில் ஓடும்போது குரலின் சுருதியும் கொஞ்சம் ஏறும். பீரியின் கனத்த குரல் மெலிந்து கேட்கும். 24 பிரேம் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள்.

தேடும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் குரல்மாற்று நுட்பம் வளரவில்லை. அதனால் எம்.ஜி.எம். இதே கதையைப் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் வேறு நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தது. பிரெஞ்சுப் படத்தில் சார்ல்ஸ் புவாயே நடித்தார். அவற்றுக்குச் செய்த எஸ்ஆர்டியும் இணையத்தில் கலந்து கிடக்கிறது. எந்தக் கணக்குப் போட்டாலும் நேரம் பொருந்தவில்லை என்றால், முதலில் அது எந்தப் படத்துக்குரியது என்று பாருங்கள்.

எழுத்துச் சிக்கல் இரண்டும் வேறு வேறு. ஆங்கில எழுத்தாக வரும் பகுதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. எழுத்துருவைக் கழற்றினால் அது வெறும் ஆங்கில விசைகள்தான். அதை யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 என்று சேமியுங்கள். மாற்றி முடிந்ததும் மேற்கோள்குறி, கேள்விக்குறி, இலக்கங்களைக் கண்ணால் பாருங்கள். மாற்றிகள் அதிகமாகத் தவறுவது அங்கேதான்.

ரீவியில் கொம்பு பின்னால் போவது கோப்பின் பிழை அல்ல. அந்த ரீவியின் பிளேயருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. எந்த எழுத்துரு போட்டாலும் திருந்தாது. எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவதுதான் வழி. சப்டைட்டில் எடிட்டின் வீடியோ பட்டியலிலேயே அதற்கு வசதி இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா எழுத்துரு, வெள்ளை நிறம், கறுப்பு விளிம்பு. முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பதித்து, "கொண்டுபோனோம், கௌரவம், ஸ்ரீ" என்று ஒரு சோதனை வரி போட்டுப் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக வந்தால் மிச்சமும் வரும்.

இனி அளவு. ஆரம்ப ஒலிப்படம் என்பதால் சட்டம் ஏறக்குறைய சதுரம், அகலம் உயரத்தைப் போல 1.2 மடங்கு. 1080 புள்ளி உயரத்தில் படத்தின் அகலம் 1300 புள்ளிக்குள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும், திரை நிறைய வேண்டுமென்று இழுக்க வேண்டாம். எழுத்தின் உயரம் படத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 54 புள்ளி இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். அந்த அளவில் ஒரு வரிக்கு 22 முதல் 24 எழுத்து கொள்ளும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

மென்பொருள் காட்டும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். "காட்டிக்கொடுத்தான்" என்பது நமக்கு ஒன்பது எழுத்து. மென்பொருளுக்குப் பதினெட்டு, ஏனென்றால் புள்ளியையும் கொம்பையும் விசிறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. ஆங்கிலத்துக்கு வைத்த எல்லையை அப்படியே விட்டால் நல்ல வரியெல்லாம் சிவப்பாகத் தெரியும், பயந்து வெட்டிவிடுவீர்கள். தமிழ் எழுத்தாக எண்ணினால் செக்கனுக்கு 12, வயதானவர்கள் கூடும் இடத்தில் 10. இரண்டு சப்டைட்டிலுக்கு நடுவே இரண்டு பிரேம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் எழுத்து மாறியதையே கண் கவனிக்காது.

சீனக்குடா வாசகி:

சொற்களுக்கு வருகிறேன். முதலில் பெயர். 'பிக் ஹவுஸ்' என்றால் அமெரிக்கக் கொச்சையில் பெரிய சிறை. "பெரிய வீடு" என்று போட்டால் நம் ஆட்களுக்கு மூத்த தாரத்தின் வீடுதான் நினைவில் வரும். சிறைக்குக் கொச்சையாக "மாமியார் வீடு" என்று தமிழில் உண்டு, ஆனால் அது பகிடிப் பேச்சு. இந்தப் படத்தின் முகப்பில் அதை ஒட்ட முடியாது. நம்முடைய பழைய ஆட்கள் "மறியல்வீடு" என்பார்கள். வீடும் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. அதையே வையுங்கள். கோப்பை இணையத்தில் போட்டால் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். அங்கே மறியல் என்றால் வீதியை மறித்துப் போராடுவது.

வார்டனை "வார்டன்" என்று விட்டால் விடுதிக் கண்காணிப்பாளர் மாதிரி ஆகிவிடும். அமெரிக்கச் சிறையில் வார்டன்தான் தலைமை அதிகாரி. நம்மிடம் அந்த இடத்தில் இருப்பவர் சிறைச்சாலை அத்தியட்சகர். முதல் தடவை முழுப்பெயர், பிறகு "அத்தியட்சகர்". கைதி அவரை "சேர்" என்றும் அவர் கைதியை "நீர்" என்றும் பேசட்டும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நம்மிடம் நீ, நீர், நீங்கள் மூன்றும் இருக்கும்போது பயன்படுத்தாமல் விடுவது அநியாயம். புட்ச் எல்லாரையும் "நீ" என்பான். கென்ட் முதல்நாள் புட்ச்சையும் மோர்கனையும் "நீங்கள்" என்று கூப்பிட்டு, பிறகு "நீ"க்கு இறங்கினால், அவன் அந்த அறைக்குப் பழகிய விதம் ஒரு எழுத்தும் கூடாமல் தெரியும்.

காவலர்களைப் பற்றிக் கைதிகள் தங்களுக்குள் பேசும்போது "காவலன்", அதிகாரிகள் பேசும்போது "காவலர்". அந்தக் காலச் சிறைப் படங்களில் காவலருக்கு வரும் இளக்காரப் பெயர்களுக்கெல்லாம் இந்த விகுதி மாற்றமே போதும். வசைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

டஞ்சன் என்பதற்கு "இருட்டறை". ஐந்தே எழுத்து. "தனிமைச் சிறை" உத்தியோகத் தமிழ், அத்தியட்சகரின் வாயில் மட்டும் வரட்டும். "பாதாளச் சிறை" வேண்டாம். பாதாளம் என்றதும் நம் ஆட்களின் மனம் செய்தியில் வரும் பாதாள உலகக் குழுக்களுக்குப் போய்விடும். புட்ச்சின் "மெஷின் கன்" என்ற பட்டப்பெயரை மட்டும் அப்படியே முன்னால் விடுங்கள். பட்டப்பெயர் முன்னுக்கு வருவது இங்கே பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குப் பழக்கம்.

கென்ட் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவரைக் கொன்றவன், பத்து வருடம் தீர்ப்பு. அந்தக் குற்றத்தின் சட்டப்பெயரைப் போட்டால் வாசித்து முடிய முன் காட்சி போய்விடும். "வெறியில் கார் ஓட்டி ஆள் சாவு. பத்து வருசம்." அவ்வளவுதான். பரோல் முதல் தடவை "நன்னடத்தை விடுதலை", பிறகு வெறும் "விடுதலை". மோர்கன் அடுத்தநாள் வெளியே போக இருந்தவன். கென்ட் தன் கைக்கு வந்த கத்தியை மோர்கனின் படுக்கையில் ஒளித்துவைத்ததால் அந்த விடுதலை பறிபோகிறது. "நாளைக்கு" என்ற சொல் அந்த இடத்தில் விழுந்தே ஆக வேண்டும். வேறு எதை வெட்டினாலும் அதை வெட்டாதீர்கள்.

பேச்சு நடைக்குப் "போறன், வாறன், தெரியாது" போதும். "போய்க்கொண்டிருக்கிறேன்" பதினொரு எழுத்து, "போறன்" மூன்று. ஆனால் பேச்சு ஒலியை அப்படியே எழுத்தாக்கப் போகாதீர்கள். கண்ணுக்குப் பழகாத எழுத்துக்கூட்டல் வாசிப்பை நிறுத்திவிடும்.

கடைசியாக, இந்தப் படத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான சொல்: காட்டிக்கொடுப்பவனுக்கு என்ன பெயர்? அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளில் சிறையை உடைத்துக்கொண்டு போகப் புட்ச் திட்டம் போடுகிறான். கென்ட் அதை மேலிடத்துக்குச் சொல்லிவிடுகிறான். ஆனால் புட்ச் மோர்கனைத்தான் சந்தேகிக்கிறான். உண்மை தெரிவது சாகும் நேரத்தில். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு இரண்டு மூன்று கொச்சைச் சொல் வருகிறது என்று தமிழிலும் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று போட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். எல்லா இடத்திலும் ஒரே சொல்.

என் தெரிவு "ஆட்காட்டி". ஸ்டூல் பிஜன் என்பதில் ஒரு புறா இருக்கிறது, வேட்டைக்காரன் மற்றப் பறவைகளை இறக்கக் கட்டிவைக்கும் புறா. நம்முடைய ஆட்காட்டியும் பறவை. வயல்வெளியில் ஆள் கால் வைத்ததும் கத்திக் காட்டிக்கொடுக்கும். ஐந்து எழுத்து, ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த குருவி. மற்ற விலங்குகளைப் பிடிக்கக் கட்டிவைக்கும் விலங்குக்குச் சங்கப் பாட்டில் "பார்வை" என்றே பெயர் உண்டு. பொருள் அதுதான் இன்னும் நெருக்கம், ஆனால் இன்று யாருக்கும் விளங்காது.

பழைய துறைமுகம்:

வாசகி அக்கா சொன்னதில் மற்றதெல்லாம் சரி. ஆட்காட்டி பற்றி யோசிக்க வேண்டும். இங்கே ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது குருவியின் பெயர் மட்டும் அல்ல. காட்டிக்கொடுத்தான் என்று பேர் விழுந்தால் ஆளுக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். "துரோகி" போட்டால் இன்னும் மோசம், அது தீர்ப்பே எழுதிவிடும் சொல். "தலையாட்டி" என்ற பக்கமே போகக் கூடாது. போர்க்காலச் சுற்றிவளைப்பில் ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினவர்களின் பெயர் அது. அந்தச் சொல் திரையில் விழுந்த நிமிடமே மண்டபம் படத்தை விட்டு வேறெங்கோ போய்விடும்.

"சொல்லிக்குடுத்தவன்" என்று மெதுவாகப் போடலாம் என்பது என் எண்ணம். பத்து எழுத்துத்தான்.

சீனக்குடா வாசகி:

தம்பி, தலையாட்டி, துரோகி இரண்டிலும் நீங்கள் சொன்னதே சரி. "சொல்லிக்குடுத்தவன்" பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடம் கோள் சொன்ன பிள்ளை மாதிரிக் கேட்கும். பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்றும் படும். புட்ச் துவக்கோடு நிற்கும்போது அந்தச் சொல் அவன் வாயில் நிற்காது. இந்தப் படத்தில் அந்தச் சொல்லுக்கு ஆள் சாகிறான். அதில் கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆட்காட்டியில் பயமும் இருக்கிறது, குருவியும் இருக்கிறது.

வினையாக வரும் இடத்தில் "காட்டிக்குடுத்தது ஆர்?" என்று போடுங்கள். பெயருக்கும் வினைக்கும் வேர் ஒன்றாக இருந்தால் புட்ச்சின் சந்தேகம் ஒருவரிலிருந்து மற்றவருக்கு மாறுவதைப் பார்க்கிறவர் தவறவிடமாட்டார்.

பழைய துறைமுகம்:

"காட்டிக்குடுத்தது ஆர்" நன்றாக இருக்கிறது. அதற்காக ஆட்காட்டியை ஏற்கிறேன். ஆனால் முதல் தடவை அது புட்ச்சின் கோபத்தில் வரக்கூடாது. அதற்கு முன்னாலேயே, கைதிகள் சாதாரணமாகப் பேசும் ஒரு வரியில் ஒருக்கால் வந்துவிட்டால், இது இந்தச் சிறையின் சொல் என்று காது எடுத்துக்கொள்ளும்.

உவர்மலைத் திரை:

மூவருக்கும் நன்றி. பிரேம் மாற்றிப் பார்த்தேன், மூன்று இடத்திலும் பொருந்துகிறது. இருட்டறைக் காட்சி மட்டும் மிச்சம். சப்டைட்டிலைச் சாய்வெழுத்தில் போடலாமா?

நிலாவெளி ஒலி:

சாய்வு வேண்டாம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் உண்மையான சாய்வெழுத்து இல்லை, மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிச் சரிக்கும். அது வாசிக்கச் சிரமம், புள்ளிகளும் இடம் மாறித் தெரியும். பெயரைப் போடுங்கள்: "புட்ச்:", "மோர்கன்:". படத்தில் வேறெங்கும் பெயர் போடாமல் அந்த ஒரு காட்சியில் மட்டும் போட்டால் அது ஏன் என்று தானாகவே விளங்கும்.

அந்தக் காட்சியின் பலம் என்னவென்றால், கமெரா வெறும் நடைபாதையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறது, மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. பேச்சுப்படம் வந்து மூன்று வருடம்கூட ஆகாத நேரத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு ஒஸ்கார் கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம் அந்த விருது இந்தப் படத்துக்குத்தான் போனது, டக்ளஸ் ஷீரரின் பெயரில். அதனால் குரல் வந்த பிறகு எழுத்து வரட்டும். வழக்கமாகக் குரலோடு சேர்ந்தே விழும் எழுத்தை இங்கே கால் செக்கன் பிந்திப் போடுங்கள். முதலில் இருட்டில் குரல், பிறகு பெயர். எழுத்து முந்தினால் பார்க்கிறவர் நடைபாதையைப் பார்க்கவே மாட்டார்.

"(கதவு சாத்தும் ஒலி)", "(காலடிச் சத்தம்)" என்று எதுவும் எழுத வேண்டாம். காது கேளாதவர்களுக்கென்று தனிப்பிரதி செய்தால் மட்டும் அது வேண்டும்.

மண்டபத்தின் ஒலி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்தப் படம் அங்கேதான் கெடும். கைதிகள் அணிவகுத்து நடக்கும் காலடி ஓசை படம் முழுக்க வருகிறது. சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் அது எதிரொலித்துப் பேச்சை விழுங்கிவிடும். மிக்சரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 8 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே இந்தக் காலத்து ஒலித்தடத்தில் இரைச்சல்தான் கூட, அங்கேயும் குறைக்கலாம். 2 முதல் 3 கிலோஹேர்ட்ஸை மூன்று டெசிபல் ஏற்றினால் பேச்சுத் தெளியும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் சாப்பாட்டுக்கூடக் காட்சியில் தட்டும் குவளையும் அடிபடும் ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். இரைச்சலோடு விடுவதே மேல்.

மூல ஒலி ஒற்றைத் தடம். சில பிரதிகளில் அது இடது பக்கத்தில் மட்டும் பதிவாகியிருக்கும். இரண்டு ஸ்பீக்கரிலும் வருகிறதா என்று முதலே பாருங்கள். ஸ்பீக்கர்கள் திரைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மண்டபத்தின் பின்மூலையில் வைத்தால் கைதி முன்னால் வாயசைக்க, குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

யன்னல்களை மறைக்க முடியாவிட்டால் மாலை ஆறரைக்கு முன் தொடங்க வேண்டாம். இந்தப் படத்தில் பாதி கருநிழல், கொஞ்ச வெளிச்சம் உள்ளே வந்தாலும் இருட்டறைக் காட்சி சாம்பலாகிவிடும். லாம்ப் புரொஜெக்டர் என்றால் யூபிஎஸ்ஸில் போடுங்கள். கரண்ட் போய் வந்தால் லாம்ப் ஆறும்வரை சில நிமிடம் அது மீண்டும் எரியாது.

கொட்டியாரம்:

ஒன்று விட்டுப்போனது. 1930இல் வந்த படங்களுக்கான அமெரிக்கக் காப்புரிமை 2026 ஜனவரி 1ஆம் திகதி முடிந்தது. அது அமெரிக்காவுக்குள் மட்டும். பொது மண்டபத்தில் காட்டுவதற்குத் தணிக்கைச் சான்று வேண்டுமா என்று திகதி குறிக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

பதிக்கும் முன் இன்னொன்று. அத்தியட்சகர் தன் சிறை 1800 பேருக்குக் கட்டியது, உள்ளே 3000 பேர் என்று பேசும் இடம். எண்ணை எழுத்தில் எழுதாமல் இலக்கத்திலேயே விடுங்கள். "ஆயிரத்து எண்ணூறு" வாசிக்கும் நேரத்தில் "1800 பேருக்கு இடம், 3000 பேர் உள்ளே" முழுவதையும் வாசித்துவிடலாம்.

உவர்மலைத் திரை:

செய்கிறேன். பாமினிப் பகுதி நாளைக்கு மாற்றி முடியும். மாற்றியதும் முதல் ஐந்து நிமிடத்தைப் பதித்து இங்கேயே போடுகிறேன். ஆட்காட்டி முதலில் எந்த வரியில் வர வேண்டும் என்று வாசகி அக்காவும் துறைமுகம் அண்ணாவும் பார்த்துச் சொல்லுங்கள்.